கடலும் கழனியும்: புதுச்சேரியில் மூன்று இரவுகள் தங்குவதற்கான திட்டம்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரிக்கு வருபவர்களில் பலர் சனிக்கிழமை நண்பகலில் வந்து சேர்ந்து, கடற்கரைச் சாலையில் ஒரு மாலையையும் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஒரு காலையையும் கழித்துவிட்டு, ஞாயிறு பிற்பகலில் நெரிசலோடு நெரிசலாகத் திரும்பிவிடுகிறார்கள். நகரத்தின் விளிம்பிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களும், பறவைகள் வந்திறங்கும் நீர்நிலைகளும், சோழர் காலத்துக் கற்கோயில்களும் இருப்பதை அவர்கள் அறியாமலே போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. மூன்று இரவுகள், ஒரே தங்குமிடம், நாட்டுப்புறத்தில் ஒரே ஒரு திசை என்ற அளவோடு திட்டமிட்டால், கடலையும் கழனியையும் அவசரமின்றிக் காண முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எங்கெல்லாம் போகலாம் என்பதைவிட எதையெல்லாம் இந்த முறை விட்டுவிடலாம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

புதுச்சேரியில் கடலையும் நாட்டுப்புறத்தையும் பிரித்துப் பார்ப்பதே பொருத்தமில்லாதது. கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது மரபு. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், மேற்கே உள்ள முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்திற்குக் குடிநீர் வந்த கதையின் நினைவாக எழுப்பப்பட்டது. மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்த் தெய்வங்களும் தங்கள் ஊர்களிலிருந்து புறப்பட்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. கல்லும் நீரும் தெய்வமும் வந்த வழியில் நாம் எதிர்த்திசையில் ஒரு நாள் சென்று பார்ப்பது, நகரத்தையே இன்னும் தெளிவாகப் புரிந்துகொள்ள உதவும்.

காலமும் கிழமையும்

டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரையான காலமே இதற்கு மிகவும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும்; வயல்கள் பொங்கலை ஒட்டி அறுவடைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்; நண்பகலிலும் நிழலில் நடக்க முடியும். அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை முன்பதிவு செய்பவர்கள், பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய அறையை மட்டுமே எடுப்பது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையை ஒட்டியே நிலத்தைக் கடந்தன என்பதை நினைவில் கொண்டால், இது மிகையான எச்சரிக்கை அல்ல என்பது விளங்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கடுமையாக இருக்கும். அப்போது வருவதாக இருந்தால் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் மட்டுமே வெளியே இருப்பதாக வைத்துக்கொண்டு, நாட்டுப்புறப் பகுதியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைவிடக் கிழமை முக்கியமானது என்று நான் கருதுகிறேன். வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை அறை வாடகை உயர்ந்துவிடுகிறது. வெள்ளை நகரத்தின் குறுகிய வீதிகளில் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதில்லை. உணவகங்களில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வந்து வெள்ளிக்கிழமை காலையில் புறப்படும்படி விடுப்பு எடுக்க முடிந்தால், அதே நகரம் வேறு முகத்தைக் காட்டும். அரசு அருங்காட்சியகத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதாலும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. காந்தி வீதியில் ஞாயிறு தோறும் கூடும் சந்தையைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் மட்டும் ஞாயிறு மாலையில் வந்து சேர்ந்து புதன்கிழமை திரும்பலாம். ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய நாள்களை, அமைதியை நாடுபவர்கள் முழுமையாகத் தவிர்த்துவிட வேண்டும்.

தங்குமிடம்

முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்தபடி இருக்கும் அறையைத் தேடுகிறார்கள். என் பரிந்துரை வேறு. நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, காந்தி வீதி வரை உள்ள தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமும் மரத் தூண்களும் கொண்ட பழைய வீடுகள் சில விருந்தினர் இல்லங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கோயிலும் சந்தையும் சிற்றுண்டிக் கடைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். வாடகையும் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய விடுதிகளைவிடக் குறைவாக இருக்கும். பழைய வீடுகளின் படிக்கட்டுகள் செங்குத்தானவை என்பதால், முதியவர்களோடு வருபவர்கள் தரைத்தளத்து அறையையே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் தூய்மைக்கும் அமைதிக்கும் பெயர் பெற்றவை. மதுவுக்கும் புகைக்கும் அங்கே இடமில்லை, இரவில் குறித்த நேரத்திற்குள் திரும்பிவிடவும் வேண்டும் என்ற நெறிகள் உங்களுக்கு ஒத்துவருமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

இரண்டு இரவுகள் நகரத்திலும் ஓர் இரவு கிராமத்திலுமாகப் பிரித்துத் தங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மூன்று இரவுப் பயணத்தில் அது வேண்டாம். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரு நாளில் மிக நல்ல சில மணி நேரங்களைத் தின்றுவிடும். இங்கே தொலைவுகள் அவ்வளவு குறைவு என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

வந்து சேரும் மாலையும் நகரத்து நாளும்

முதல் மாலைக்கு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே குழந்தைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய அரிய கடற்கரைச் சாலைகளில் அதுவும் ஒன்று. சுண்டல் வாங்கிக்கொண்டு, 1836ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் வரை நடந்து, பாறைகளின் மேல் அமர்ந்திருந்தாலே போதும்.

அந்தப் பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு இங்கே அகன்ற மணற்பரப்பு இருந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் பிற்பகுதியில் நகரத்திற்குத் தெற்கே துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் அரண்கள் நீட்டப்பட்டபோது அந்த மணலோட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிய, நகரத்தின் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018ஆம் ஆண்டை ஒட்டித் தலைமைச் செயலகத்திற்கு அருகே கடலடியில் எஃகினாலான ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்த பின்னர், அந்தப் பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. இதை அறிந்துகொண்டு காலை வெளிச்சத்தில் கரையை வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துக்கொண்டு நடந்தால், பாறையும் மணலும் மாறி மாறி வருவதன் காரணம் கண்ணுக்குத் தெரியும். பாறைகள் உள்ள இடத்தில் குளிக்க இறங்கவே கூடாது. மணற்பரப்பு உள்ள மற்றக் கடற்கரைகளிலும் நீரோட்டம் வலுவானது. உள்ளூர் மீனவர்களைக் கேட்காமல் கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் நாளை முழுவதும் நகரத்திற்கே தர வேண்டும். சூரிய உதயத்தைக் கரையில் பார்த்துவிட்டு, 7.30 மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கும்போது வீதிகளுக்குள் திரும்பலாம். 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இன்று நாம் காணும் கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிந்தையவையே. மணக்குள விநாயகரைத் தொழுது, ஆசிரமத்தின் சமாதியருகே சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, வாய்க்காலைக் கடந்து மேற்கே செல்ல வேண்டும். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று இந்த ஊருக்கு வந்தார். பாரதியார் அதற்கு முன்பே 1908இல் வந்து பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாக இருக்கின்றன. தமிழ் படித்தவர்கள் இந்த இரண்டு வீடுகளுக்கும் போகாமல் உணவகங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதை என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். அவசரமின்றிப் பார்த்தாலும் காலைப் பொழுது போதும்.

நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை அறையில் இருப்பதே அறிவுடைமை. அந்த நேரத்தில் கோயில்கள் நடை சாத்தப்பட்டிருக்கும்; வீதிகளில் வெயில் நிரம்பியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டு உறங்கி எழுந்து, மாலையில் பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்திற்கு, மூடும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, போகலாம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த நாள் தெற்குத் திசையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்னதாகவே பார்த்துவிடுவது அவசியம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நாட்டுப்புறத்திற்கு ஒரு திசை

மூன்றாம் நாளே இந்தப் பயணத்தின் மையம். தெற்கே பாகூர், மேற்கே ஊசுட்டேரியும் திருவக்கரையும், வடக்கே ஆரோவில்லும் கழுவேலியும், வடமேற்கே செஞ்சி என நான்கு திசைகள் உள்ளன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டைச் சேர்க்க முயன்றால் நாள் முழுவதும் வண்டியின் சன்னல் வழியாகப் பார்ப்பதாகவே முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தெற்குத் திசை. காலை 6 மணிக்குக் கடலூர்ச் சாலையில் புறப்பட்டு, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எனச் சென்று மேற்கே திரும்பினால், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பாகூர் வந்துவிடும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்தப் பகுதியைச் சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீரைக் கொண்டுவருகிறது. ஏரியின் மதகுகளிலிருந்து அந்த நீர் வயல்களுக்குப் போகிறது. ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் மெல்ல நடந்தால், ஒரு பக்கம் நீர்ப்பரப்பும் மறுபக்கம் நெல்வயல்களும் என இந்தப் பாசன முறை முழுவதும் கண்முன்னே விரியும். கரைமேல் வண்டியில் போவதைவிட நடப்பதே சிறந்தது. மாடு மேய்ப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் பேச்சுக் கொடுத்தால் ஏரியைப் பற்றி எந்தப் பலகையிலும் எழுதப்படாத செய்திகளைச் சொல்வார்கள்.

ஊருக்குள் இருக்கும் மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. அதன் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு, சோழ நாட்டின் வடபகுதியைச் சிறிது காலம் தன் கைக்குள் வைத்திருந்த இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் பெயர் தாங்கிய கல்வெட்டுகளும் உள்ளன. அதற்கும் முன்பு, 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்திற்கு, அதாவது உயர்கல்விக்கூடத்திற்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. இன்று கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவின் அமைதியான தலையூராகத் தெரியும் இடத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்கள் தங்கிப் படித்தார்கள் என்ற எண்ணத்தோடு அந்தப் பிராகாரத்தைச் சுற்றி வருவது தனி அனுபவம். நடை சாத்துவதற்குள், அதாவது 11 மணிக்கு முன்பாகவே, கோயிலைப் பார்த்து முடித்துவிட வேண்டும்.

திரும்பும் வழியில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டிற்குச் செல்லலாம். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் இங்கே நடத்திய அகழாய்வில், ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலியில் செய்யப்பட்ட பானை வகைகளும் கிடைத்து, கிறித்தவ ஊழியின் முதல் நூற்றாண்டை ஒட்டி இங்கே கடல் வாணிபம் நடந்தது உறுதியானது. ஆனால் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. இப்போது அங்கே தென்னை மரங்களும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறித்தவ மடத்தின் செங்கல் சுவர்களுமே எஞ்சியிருக்கின்றன. அருங்காட்சியகத்தை முன்னதாகப் பார்த்தவர்களுக்கு மட்டுமே இந்த மண் பேசும். பார்க்காதவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமும், முருங்கப்பாக்கத்தில் கைவினை கிராமமும் இதே சாலையில்தான் உள்ளன. குழந்தைகள் இருந்தால் படகுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இல்லையென்றால் அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாம்.

மேற்குத் திசை, பறவைகளிலும் கற்களிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு உரியது. நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலக் காலைகளில் நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் வாத்து வகைகளும் நிறைந்திருக்கும். தொலைநோக்கி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா ஆலயமும் உள்ளன. அங்குள்ள குயவர்களின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கிருந்து வடமேற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டியுள்ள திருவக்கரைக்குச் செல்ல வாடகை வண்டி தேவைப்படும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதையுண்ட மரங்கள் கல்லாக மாறி அங்கே கிடக்கின்றன. அடிமரத்தின் வளையங்களையும் பட்டையின் வரிகளையும் கல்லில் தொட்டுப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் தெரியும் வியப்பிற்காகவே அங்கே போகலாம். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. அருகிலுள்ள சந்திரமௌலீசுவரர் கோயில் சம்பந்தரால் பாடப்பெற்றது. அதே வளாகத்தில் வக்கிரகாளியம்மன் சன்னதி இருப்பதால் பௌர்ணமி நாளில் பெருங்கூட்டம் கூடும். அமைதியை விரும்புபவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

வடக்குத் திசையைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் என்ற பன்னாட்டுக் குடியிருப்பில், அதன் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்ப்பது எளிது. உள்ளே சென்று அமர முன்பதிவு வேண்டும், அதைப் பயணத் தேதி முடிவானதுமே தொடங்க வேண்டும். மாத்ரிமந்திரைவிட, வறண்டு கிடந்த செம்மண் மேட்டில் வளர்க்கப்பட்ட காட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

செஞ்சி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2025ஆம் ஆண்டில் மராட்டியரின் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அங்கே போகும் ஆவல் பலருக்கும் கூடியிருக்கிறது. ஆனால் ராஜகிரி மலையேற்றம் முழு உழைப்பைக் கேட்பது. அன்று மாலை கடற்கரையில் நடக்கக் கால்களில் வலு இருக்காது. நான்காவது இரவு இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று இரவுகளே இருந்தால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தும் உணவும்

நகரத்திற்குள் நடையும் மிதிவண்டியும் போதும். நாட்டுப்புறத்து நாளுக்கு மட்டும் வாடகைக் காரை அரை நாளுக்கோ முழு நாளுக்கோ பேசிக்கொள்ளலாம். இருவராக வந்தவர்கள் உரிமமும் தலைக்கவசமும் இருந்தால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் கடலூர்ச் சாலையில் பேருந்துகள் விரைவாகச் செல்வதால் அதில் பழக்கம் உள்ளவர்களே ஓட்ட வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். புதுச்சேரியின் நிலப்பகுதிகள் தமிழ்நாட்டோடு பின்னிப் பிணைந்தவை என்பதால் ஒரே நாளில் பல முறை எல்லையைக் கடப்பீர்கள். உரிய அனுமதியின்றி மதுப் புட்டிகளைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம், சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

கிராமத்து நாளில் நல்ல உணவகத்தைத் தேடி அலைய வேண்டாம். காலையில் சாலையோரத்து இட்லிக் கடையில் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் பழங்களும் கையோடு எடுத்துச் சென்று, நண்பகல் உணவுக்கு நகரத்திற்கே திரும்பிவிடலாம். மீன் விரும்பிகள் நகரத்துச் சிறிய உணவகங்களில் நண்பகலில் சாப்பிடுவது நல்லது. காலையில் வந்த மீன் அப்போதுதான் குழம்பாகியிருக்கும். பிரெஞ்சு பாணி ரொட்டிக் கடைகளுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மாலையில் பெரும்பாலும் எஞ்சியவையே இருக்கும்.

திரும்பும் நாள்

நான்காம் நாள் காலையில் பெரிய மார்க்கெட்டிற்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு, 10 மணிக்குள் புறப்பட்டுவிடலாம். சென்னைக்குச் சொந்த வண்டியில் திரும்புபவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை ஒட்டி உப்பளங்களைக் காணலாம். பாத்திகளில் உப்பு வாரும் வேலை வெயில் காலத்தில்தான் மும்முரமாக நடக்கும், மழைக்காலத்தில் அவை வெறும் நீர்ப்பரப்பாகவே இருக்கும். அதை அடுத்துள்ள கழுவேலி ஏரி 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வண்டியைச் சாலையோரத்தில் பாதுகாப்பாக நிறுத்த இடம் பார்த்து அரை மணி நேரம் நின்றால், வடக்குத் திசையைத் தேர்ந்தெடுக்காத குறையும் ஓரளவு தீர்ந்துவிடும். ரயிலை விரும்புபவர்கள் விழுப்புரம் வழியாகச் செல்லும் வண்டியைப் பிடிக்கலாம். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று வயல்களுக்கு நடுவே போகும் அந்தக் கிளைப்பாதையில் பகல் வண்டிக்கே சீட்டு எடுங்கள், இருட்டிய பின் போனால் வயல்கள் கண்ணில் படாது.